ஜிப்பை மூடித் தைப்பவள்

“குரங்குக்குச் சொல்லிக் கொடுத்தாக்கூட இந்தக் குட்டிப் பையைத் தைச்சிடும்.”

“அப்ப ஒரு குரங்கைப் பிடிச்சு உட்கார வைங்கக்கா. நான் பல்லைப் பிடுங்கிட்டு வந்துடறேன்.”

“குரங்கு எதுக்கு? நான்தான் இருக்கேனே.”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் பெரியவளுக்கு உறைத்தது. அதற்குள் சின்னவள் சிரித்துவிட்டாள். வீங்கிய கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வலிக்கு ஒரு முனகலும் சிரிப்புக்கு ஒரு முனகலுமாக மேசைமேல் சாய்ந்தாள். கடைவாய்ப் பல் ராத்திரியெல்லாம் கொன்றது, எழுந்து நிற்கக்கூட முடியவில்லை என்று காலையிலிருந்து வீட்டையே இரண்டாக்கியவள், இதற்கு மட்டும் எங்கிருந்தோ தெம்பை வரவழைத்துக்கொண்டாள்.

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. சின்னவளின் புருஷன் அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகக் காத்திருந்தான்.

“அக்கா, ஒரு ஃப்ரேம் பாதியில நிக்குது. பூ தைச்சாச்சு. பின்துணியை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்...”

“நான் கோட்டுக்கு ஜிப் வைக்க ஆரம்பிச்சப்ப நீ ரிப்பன் கட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டு இருந்திருப்ப. எனக்குப் பாடம் எடுக்காத. கிளம்பு.”

“இல்லக்கா, சின்ன விஷயம்தான், ஆனா...”

“வண்டி நிக்குது பாரு. டாக்டர் உன் பல்லுக்காகத் தவம் கிடக்கிறாரா?”

சின்னவள் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் ஹாரன். போய்விட்டாள்.

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். மாடியில் இரண்டு குடும்பமும், கீழே தெருவைப் பார்த்த அறையில் தையற்கடையும். அந்தக் கடை பெரியவள் தனி ஆளாக நிமிர்த்தியது. கோட்டு, கவுன், கால்சட்டை என்று எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் உடம்போடு பிறந்ததுபோலத் தைத்துக் கொடுப்பாள். தோள் ஒரு பக்கம் சரிந்தவர்களுக்கும் வயிறு இரண்டடி முன்னால் நடப்பவர்களுக்கும் அவள் கத்தரிதான் மானத்தைக் காப்பாற்றியது. எல்லோரும் அவளை ‘மாஸ்டரம்மா’ என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத் தான் எவ்வளவு தூரம் போவோம் என்று அவளுக்கே தெரியாது.

சின்னவள் வந்ததும் அறையின் ஜன்னலோர மூலை பறிபோனது. அங்கே ஒரு வெள்ளை எம்ப்ராய்டரி மிஷின், ஃபிரிட்ஜ் போட்ட குட்டி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து பிறந்ததெல்லாம் பெரியவளின் கண்ணில் குப்பை. சில்லறை போட்டுக்கொள்ள ஒரு பை. சில்லறையையே யாரும் தொடாத காலத்தில். ஒரே ஒரு லிப்ஸ்டிக் போட்டு வைக்க ஒரு பை. காதில் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்கிற கருவிக்கு ஒரு பை. அந்தக் கருவிக்கு ஏற்கெனவே ஒரு பெட்டி உண்டு. இது அந்தப் பெட்டிக்குச் சட்டை. அப்புறம் சாவியில் தொங்கவிட ஒரு துணிப்பூ, அந்தப் பூவுக்கு ஒரு சிரிக்கிற முகம்.

“இதை மாட்டிவிட்டா சாவிக்கே வெட்கமா இருக்காது?” என்று ஒருநாள் கேட்டாள் பெரியவள்.

“சாவிக்கு வெட்கம் வந்தா அப்புறம் கதவை யாருக்கா திறக்கிறது?” என்றாள் சின்னவள். பேச்சில் அவளை மடக்க இனிமேல்தான் ஆள் பிறந்து வரவேண்டும்.

வாங்குகிறவர்களைப் பற்றிப் பெரியவளின் அபிப்பிராயம் இன்னும் மோசம். கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துக் கொடுத்தால் “இதுக்கா இவ்வளவு?” என்று மூக்கால் அழுகிறவர்கள், உள்ளங்கை அகலப் பையைக் கண்டதும் “அய்யோ, எவ்வளவு க்யூட்!” என்று உருகி வழிந்தார்கள். வளர்ந்த பெண்கள், வேலைக்குப் போகிற பெண்கள், பிள்ளை பெற்ற பெண்கள். ஒருத்தி, பையை வாங்கிக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். பெரியவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறத்தியார் அவமானத்தைப் பார்க்கக்கூடாது என்கிற நாகரிகம் அவளுக்கு உண்டு.

அதைவிடக் கொடுமை, சின்னவள் தைப்பதை வீடியோ எடுப்பது. போனை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்து, நீள நகத்தில் ரோஸ் பாலிஷ் மின்ன, “வணக்கம் செல்லங்களே, இன்னைக்கு நாம...” என்று ஆரம்பிப்பாள். முகம் தெரியாத ஆயிரம் பேர் அவளுக்குச் செல்லங்கள். ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிற பெரியவள், அந்தச் சமயத்தில் தன் மிஷினை நிறுத்திவைக்க வேண்டும், சத்தம் கேட்குமாம். தையற்காரி நகம் வளர்ப்பாளா? தையற்காரி தையலை நிறுத்திவிட்டுப் பேசுவாளா? அந்த வீடியோ ஒன்றையும் பெரியவள் பார்த்ததில்லை. பார்த்தால் தன் கைத்தொழிலுக்கே தோஷம் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல ஒதுங்கி இருந்தாள்.

இதெல்லாம் பொறுத்துப் போயிருக்கலாம். பொறுக்க முடியாமல் போனது தெருமுனைத் துணிக்கடையால்.

தெருமுனையில் பெரிய துணிக்கடை ஒன்று இருந்தது. அதன் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால், தெருவில் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி ஓர் இடம் சும்மா கிடந்தது. அதைப் பெரியவள் பலமுறை கேட்டுவிட்டாள். கடையில் வாங்குகிற உடுப்பை அங்கேயே அளவு பார்த்துத் திருத்திக் கொடுக்கலாம், மேலே விளக்கு, பின்னால் ஆளுயரக் கண்ணாடி, தன் கத்தரி ஓடுவதைத் தெருவே பார்க்கும். தூக்கம் வராதபோது அவள் மனத்துக்குள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். மேசை எந்தப் பக்கம், இஸ்திரிப் பெட்டி எந்தப் பக்கம் என்பதுவரை முடிவாகியிருந்தது.

கடை முதலாளியம்மா, “யோசிக்கிறேன், யோசிக்கிறேன்” என்றே காலத்தை ஓட்டினார். போன வாரம் தன் கோட்டை வாங்கிப்போக வந்தவர், சின்னவளின் மிஷின் தானாகப் பூப்போட்டுக் கொண்டிருந்ததைப் பார்த்து, வாயைப் பிளந்து நின்றார். பெரியவள் தைத்த கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை விரித்துக்கூடப் பார்க்காமல், நின்றார். பிறகு தன் கடையில் மிஞ்சிய பட்டுத் துண்டுகளை அனுப்புவதாகச் சொல்லி, வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கக் கூடை நிறையக் குட்டிப் பைகள் வேண்டும் என்றார். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டரம்மா. ஒரு ஆள் தைக்கிறதை யாரும் நின்னு பார்க்கமாட்டாங்க. மிஷின் தானா தைச்சா தெருவே நிக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பையை எடுக்க வர்றேன். கண்ணாடி இடம் யாருக்குன்னு அன்னைக்கே பேசி முடிச்சிடலாம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றுதான்.

ஆகவே, சின்னவளின் பல் வீங்கியதில் பெரியவளுக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது. மிச்சப் பைகளைத் தானே தைத்து முடித்து, முதலாளியம்மா வந்ததும் கூடையை முன்னால் தள்ளி, “இதெல்லாம் ஒரு வேலையாம்மா? காலையில உட்கார்ந்தேன், மத்தியானம் முடிச்சேன். கோட்டுக்குத் துணி வெட்டற நேரத்துல இது ஓரமா ஓடட்டும்” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மிஷின் பெரிய விஷயம் இல்லை, ஆள்தான் பெரிய விஷயம் என்று அந்தம்மாவுக்குப் புரிந்துவிடும். மிஷின் சின்னவளுடையதாயிற்றே என்றால், இருக்கட்டுமே, வீட்டு மிஷின்தானே.

பெரியவள் ஜன்னலோரம் வந்து, சின்னவளின் பூப்போட்ட மெத்தையை நாற்காலியிலிருந்து உருவித் தூர எறிந்துவிட்டு உட்கார்ந்தாள்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஓரக்கண்ணால் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஃப்ரேமில் பேப்பர் போன்ற வெள்ளைத் துணியை இறுக்கி மாட்டினால், மிஷின் அதன்மேல் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டில் ஜிப்பை வைத்து டேப் ஒட்டினால் அதுவே ஓரம் அடிக்கும். முன்துணியை வைத்தால் அதுவே பூப்போடும். கடைசியில் பின்துணியை அதன்மேல் கவிழ்த்து வைத்தால் நான்கு பக்கமும் சுற்றித் தைத்து முடித்துவிட்டு, ஒரு பாட்டு வேறு பாடும். பெரியவளுக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருஷமாக எத்தனை கோட்டு முடித்திருப்பாள்? ஒருநாளாவது எழுந்து நின்று பாடியிருப்பாளா?

பாதியில் நின்ற ஃப்ரேமை எடுத்துப் பார்த்தாள். நான்கு பைகள் வரிசையாக, பூ முடிந்து, பின்துணிக்குக் காத்திருந்தன. நான்கிலும் ஜிப் பாதி திறந்து ஆவென்று கிடந்தது.

“கருமம்” என்றாள் பெரியவள் வாய்விட்டு.

ஜிப்பைத் திறந்து போட்டுவிட்டா தைப்பார்கள்? இரண்டு ஓரமும் விலகிக்கொண்டு, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இழுத்துக்கொண்டு போகாதா? தொழில் கற்க வந்த முதல் நாளே பெரியவள் தலையில் குட்டு வாங்கிப் படித்த பாடம் அது. ஜிப்பை மூடு, நேராக்கு, பிறகு தை. இந்தப் பெண்ணுக்கு யாரும் குட்டு வைக்கவில்லை. குட்ட வேண்டிய தலையில் ஆயிரம் செல்லங்கள் பூ வைத்தால் இப்படித்தான் ஆகும்.

நான்கு ஜிப்பையும் ஒவ்வொன்றாக, கடைசிப் பல்வரை, இழுத்து மூடினாள். பின்துணியைக் கவிழ்த்து வைத்தாள். பொத்தானை அமுக்கினாள். ஊசி நான்கு பைகளையும் சுற்றி வந்தது. பாட்டுப் பாடியது. “வாயை மூடு” என்றாள்.

சின்னவள் ஒவ்வொரு ஃப்ரேம் முடிந்ததும் பையை வெட்டி எடுத்து, உள்ளும் வெளியுமாகப் புரட்டி, “ஹை!” என்று கூவி, போட்டோ எடுத்து, அப்புறம்தான் அடுத்ததைத் தொடுவாள். உருப்படுகிற வேலையா அது? ஒரே மாதிரி வேலையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். தைப்பதென்றால் எல்லாவற்றையும் தைத்துவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். பிறகு மொத்தமாக இஸ்திரி. இதுவும் பெரியவள் தொழிலில் குட்டு வாங்கிக் கற்றதுதான்.

அப்படியே செய்தாள். ஃப்ரேம்மேல் ஃப்ரேமாக ஓடியது. ஒவ்வொரு முறையும் ஜிப்பை மூடினாள், நேராக்கினாள், விரலால் ஒரு இழுப்பு இழுத்துச் சரிபார்த்தாள். சின்னவள் வெட்டி வைத்துப்போன துணி கடைசித் துண்டுவரை தீர்ந்தது. பிறகு கத்தரியை எடுத்தாள். சின்னவள் தையலுக்கு வெளியே அரை விரல் துணியை அப்படியே விட்டுவைப்பாள். பை திரும்பியதும் மூலையெல்லாம் மொத்தையாக, குழந்தைக் கன்னம் மாதிரி நிற்கும். பெரியவள் தையலை ஒட்டி, நூலிழை இடம் மட்டும் விட்டு, சுற்றிலும் வெட்டினாள். மூலைகளைச் சாய்வாக நறுக்கினாள். இப்போது பார்க்கட்டும், மூலை என்றால் என்னவென்று.

மேசைமேல் பைகள் குவிந்தன. எல்லாம் உள்பக்கம் வெளியே தெரிய, வெள்ளைப் பேப்பர்த் துணியும் நூல் முடிச்சுமாக, பார்க்க லட்சணமில்லாமல் கிடந்தன. புரட்டினால் பட்டும் பூவும் வெளியே வரும். அந்தக் குவியலைப் பார்த்ததும் பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கை சும்மா இருக்கவில்லை. போனை எடுத்து முதலாளியம்மாவை அழைத்தாள்.

“அம்மா, பை ரெடி. இல்லல்ல, சின்னவளுக்கு முடியலை. பல்லு. நான்தான் முழுக்கத் தைச்சேன். அய்யோ, இதுல என்னம்மா கஷ்டம்? பட்டனை அமுக்கற வேலைதானே! சும்மா விளையாட்டு மாதிரி முடிஞ்சிடுச்சு. அந்தக் கண்ணாடி இடத்துக்கு இவளை உட்கார வைக்கிறதும் ஒண்ணுதான், வாசல்ல ஒரு பொம்மையை நிறுத்தறதும் ஒண்ணுதான். சரிம்மா. சீக்கிரமே வாங்க. வாங்க வாங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் சின்னவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வாயில் பஞ்சை அடைத்து, ஒரு பக்கக் கன்னம் பன்னு மாதிரி உப்பி, கண் மட்டும் உருண்டையாகத் தெரிந்தது. ஆனால் பேச்சு இல்லை. இந்த வீட்டில் மாமியார் முதல் புருஷன் வரை யாராலும் முடியாததை ஒரு பல் டாக்டர் அரை நாளில் சாதித்துவிட்டிருந்தார்.

“வந்துட்டியா? பிடுங்கியாச்சா?”

“ம்ம்.” சின்னவளின் பார்வை மேசைமேல் இருந்த குவியலுக்குப் போனது. ஒரு பைகூடப் புரட்டப்படாமல் கிடப்பதைப் பார்த்ததும் கண் இன்னும் பெரிதாயிற்று. ஒரு விரலைத் தூக்கினாள். “ம்ம்! ம்ம்ம்!”

“பேசாத. டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லலையா? பஞ்சு வெளிய வந்தா ரத்தம் கொட்டும். மேல போய்ப் படு.”

“ம்ம்ம்...”

“எல்லாம் நான் பார்த்துக்கறேன். நீ இல்லாம உலகம் ஒண்ணும் நின்னுடலை, போ.”

தோளைப் பிடித்து மாடிப்படிவரை தள்ளிக்கொண்டு போய்விட்டாள். சின்னவள் முதல் படியில் நின்று, குவியலையும் பெரியவளையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் எதுவோ அடங்கியது. தோளைக் குலுக்கிவிட்டு மேலே ஏறினாள். செருப்புச் சத்தம் நிதானமாகப் போய் மறைந்தது.

பெரியவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாகப் போட்டுவிட்டு, முதல் பையை எடுத்தாள். புரட்டுவதற்காக விரலை உள்ளே விடப் போனாள்.

விரலுக்கு வழி இல்லை.

பையைத் திருப்பிப் பார்த்தாள். நான்கு பக்கமும் தையல். பின்னால் பட்டுத்துணி. முன்னால் பேப்பர்த் துணி. அதன் நடுவே, ஜிப் இருக்கிற இடத்தில், பற்களின் பின்புறம் மட்டும் ஒரு வரியாகத் தெரிந்தது. ஜிப்பை இழுக்கிற ரன்னர், அதன் நாக்கோடு, பைக்கு உள்ளே இருந்தது. பைக்கு வாய் என்று இருப்பது அந்த ஜிப் ஒன்றுதான். அந்த வாயை அவள் மூடி, நேராக்கி, சரிபார்த்து, சாவியையும் உள்ளேயே போட்டுச் சுற்றிலும் தைத்துவிட்டிருந்தாள்.

அடுத்த பையை எடுத்தாள். அடுத்ததை. அதற்கடுத்ததை. ஒன்றாவது மாறியிருக்கும் என்று யாருக்கு எதிர்பார்ப்பு? அவள் கை தவறு செய்யாத கை. எல்லா ஜிப்பும் கடைசிப் பல்வரை மூடியிருந்தது.

ஆவென்று திறந்து கிடந்த அந்த நான்கு ஜிப்புகள் நினைவுக்கு வந்தன. அறையில் யாரும் இல்லை என்றாலும் பெரியவள் கழுத்துவரை சிவந்து போனாள்.

சரி, தையற்காரி தையலைக் கண்டு பயப்படுவாளா? ஒரு ஓரத்தைப் பிரித்து, உள்ளே விரலை விட்டு ஜிப்பைத் திறந்து, பிரித்த இடத்தைத் தன் மிஷினில் மறுபடி அடித்துவிட்டால் போயிற்று. பிரிக்கிற ஊசியை எடுத்து உட்கார்ந்தாள். அந்த வெள்ளைக்குட்டி ஒவ்வொரு தையலையும் முன்னும் பின்னுமாக மூன்று தடவை குத்தி வைத்திருந்தது. ஊசி முனை நூலுக்கும் துணிக்கும் நடுவே புக இடமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு தையல் பிரித்தாள். ஐந்தாவதில் பட்டு இழை இழையாகக் கழன்றது. பிடித்து மறுபடி அடிக்கலாம் என்றால் பிடிப்பதற்குத் தையலுக்கு வெளியே துணி இல்லை. நூலிழை விட்டு வெட்டியது யார்? பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் பிய்ந்து, கையில் ஒரு கந்தல் மிஞ்சியது. அதைக் குப்பைக் கூடையில் போடவும் மனமில்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெளியிலிருந்தே துணியோடு சேர்த்து ரன்னரைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். வழுக்கியது. குறடால் பிடித்தாள். பட்டில் பல் பதிந்தது. ஒட்ட வெட்டிய தன் நகங்களைப் பார்த்தாள். தையற்காரியின் நகங்கள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முதலாளியம்மா வந்து நிற்பார். ‘சீக்கிரமே வாங்க’ என்று இந்த வாய்தானே சொன்னது. கூடையை முன்னால் தள்ளினால், அதில் வாயில்லாத பொட்டலங்கள். ‘பட்டனை அமுக்கற வேலைதானே’ என்றும் இந்த வாய்தான் சொன்னது. அந்தம்மா கூப்பாடு போடுகிற ரகம் இல்லை. புருவத்தை ஒருமுறை தூக்குவார், அவ்வளவுதான். கண்ணாடி இடம் கைவிட்டுப் போகும். அது மட்டுமா? பட்டனைக்கூட அமுக்கத் தெரியாத மாஸ்டரம்மா என்று தெருமுனைவரை பேச்சு நடக்கும்.

பெரியவள் கதவைச் சாத்தினாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். போனைத் திருட்டுப் பொருள்போல மடியில் மறைத்து வைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, வாழ்க்கையில் முதல்முறையாகச் சின்னவளின் வீடியோவைத் திறந்தாள்.

“வணக்கம் செல்லங்களே!” ரோஸ் நகங்கள் பறந்தன. பெரியவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்த்தாள். பின்னணியில், மங்கலாக, தன் முதுகு தெரிந்தது. கோட்டு ஒன்றின்மேல் குனிந்த முதுகு. வீடியோவுக்கு வீடியோ அந்த முதுகு இருந்தது. “பின்னாடி தெரியறது எங்க அக்கா. பெரிய மாஸ்டர். என்னைத் திட்டறதுக்கு மட்டும்தான் திரும்புவாங்க, அதனால முகத்தைக் காட்ட முடியலை” என்று சிரித்தாள் சின்னவள். வீடியோவுக்குக் கீழே யார் யாரோ சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். இதயங்கள் வேறு.

‘என்னை வைத்து வேடிக்கை காட்டியிருக்கிறாள்’ என்று முனகிக்கொண்டே விரலால் தள்ளினாள். கடைசியில் பை வந்தது.

“இப்போ முக்கியமான இடம். பின்துணியை வைக்கிறதுக்கு முன்னாடி ஜிப்பைப் பாதி திறந்துடணும். மறந்தா பையைப் புரட்டவே முடியாது, சிறைதான்! ஒண்ணு சொல்லவா? இந்தத் தப்பைத் தையல் தெரியாதவங்க பண்றதில்லை. நல்லாத் தெரிஞ்சவங்கதான் பண்றாங்க, பழக்கதோஷத்துல ஜிப்பை மூடிடறாங்க. யாராவது மாட்டிக்கிட்டா பயப்படாதீங்க. பிரிக்காம, வெட்டாம, வெளியில இருந்தே திறக்க ஒரு வழி இருக்கு. நானே ஒரு பையைப் பாழாக்கிக் கண்டுபிடிச்சேன். அது வார்த்தையில சொன்னா புரியாது. கேளுங்க, தனியா செஞ்சு காட்டறேன்.”

கேளுங்க என்றாள். ஊர் பேர் தெரியாத செல்லங்களுக்கு அது லேசு. ஒரு வரி எழுதினால் போதும்.

பெரியவள் ஒரு பையைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். ஏறும்போதே நான்கைந்து விதமாகப் பேசிப் பார்த்தாள். அதட்டலாக ஒன்று. அக்கறையாக ஒன்று. எதேச்சையாகக் கேட்பதுபோல ஒன்று.

சின்னவள் கட்டிலில் சாய்ந்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் முதுகுக்குப் பின்னால் மறைத்த கையைப் பார்த்தாள்.

“வலி எப்படி இருக்கு?”

“ம்.”

“கஞ்சி ஏதாவது வைக்கட்டுமா?”

தலை இல்லையென்று ஆடியது. கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை.

“இல்ல... ஒரு கஸ்டமர் கேட்டாங்க. அவங்க வீட்டுல யாரோ இந்த மாதிரி பை தைச்சாங்களாம். ஜிப்பைத் திறக்காமத் தைச்சுட்டாங்களாம். முட்டாள்தனமா.” பெரியவள் சிரிக்க முயன்றாள். “அந்த மாதிரி ஆளுங்களும் இருக்காங்க பாரு.”

சின்னவள் ஐஸைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். உப்பிய கன்னத்துக்கு மேலே கண் மெல்லச் சுருங்கியது. சிரிக்கிறாளா, வலிக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் பார்வை பெரியவளின் இடுப்புக்கு இறங்கியது. அங்கே செருகியிருந்த பட்டுக் கந்தலின் ஒரு முனை, தைத்த பூவோடு, வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவள் அதை உள்ளே தள்ளினாள். தள்ளியதுதான் தப்பாகப் போயிற்று. இனி மறைக்க ஒன்றும் இல்லை.

கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. “மாஸ்டரம்மா!” முதலாளியம்மாவின் குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. “எங்கே, உங்க விளையாட்டைப் பார்க்கலாம்னு வந்தேன்!”

“வந்துட்டேம்மா, உட்காருங்க!” என்று கத்தினாள் பெரியவள். குரல் நடுவில் உடைந்தது.

சின்னவள் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக, நிதானமாக, அன்றைக்கு வேறு வேலையே இல்லை என்பதுபோல. ரோஸ் பாலிஷ் ஒரு விரலில் மட்டும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அதை இன்னொரு விரலால் தடவினாள். என்ன அலட்சியம்! தனக்குத் தெரிந்த அலட்சியங்களிலேயே இது உயர்ந்த ரகம் என்று, அந்த நிலையிலும், பெரியவளுக்கு ஒத்துக்கொள்ளத் தோன்றியது. இத்தனை வருஷமாகத் தானே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததுபோல இருந்தது.

படிக்கட்டில் ஒரு கால் வைக்கிற சத்தம்.

பெரியவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து, உள்பக்கம் வெளியே தெரிய, வாய் மூடிக் கிடந்த அந்தக் குட்டிப் பையை இருவருக்கும் நடுவே போர்வைமேல் வைத்தாள்.

“இந்தாம்மா...” என்றாள். “இதை எப்படித் திறக்கிறதுன்னு எனக்குக் கொஞ்சம் காட்டறியா?”